எடுத்ததை ஒட்ட முடியாது

கோவைக்கு வடக்கே உள்ள அந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு பட்டறைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூலண்ட் ஆயில் வாடை வரும் திசையில் நடந்தால் போதும். சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டினால் நீளமான கொட்டகை. உள்ளே வயதான சில லேத்துகள், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், வைஸ் பொருத்திய மேசைகள். கரும்பலகையில் பாடத் தலைப்பு எதுவும் இல்லை. ‘ஆர்டர்: பம்ப் ஷாஃப்ட். 12 பீஸ். டெலிவரி வெள்ளி’ என்று எழுதியிருந்தது.

அப்படி ஓர் ஆர்டரை யாரும் தரவில்லை. பம்ப்பும் கிடையாது, வாங்குகிறவரும் கிடையாது. எல்லாம் ஆசிரியரின் ஏற்பாடு. செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்துக்கு அந்தக் கொட்டகை ஒரு கம்பெனி. மாணவர்களில் ஒருவர் சூப்பர்வைசர், ஒருவர் ஸ்டோர் கீப்பர், ஒருவர் இன்ஸ்பெக்ஷன், மற்றவர்கள் ஆபரேட்டரும் ஹெல்பரும். வாரம் மாறினால் பொறுப்பும் மாறும். உள்ளே வரும்போது அட்டையில் நேரம் குறிக்க வேண்டும். ஸ்டோர் ஜன்னலில் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுத்தால்தான் வெர்னியர் கைக்கு வரும். திருப்பித் தரும் வரை டோக்கன் ஆணியில் தொங்கும். சாயங்காலம் ஆணியில் டோக்கன் மிச்சமிருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

கைக்கயிறு, கைக்கடிகாரம் எல்லாம் வாசலிலேயே கழற்றப்படுகின்றன. கோயில் கயிற்றைக் கழற்ற ஒரு பையன் தயங்கினான். “சாமி கோவிச்சுக்காது கண்ணு, மெஷின் கோவிச்சுக்கும்” என்றார் ஆசிரியர். வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும் இன்னொரு விதி, லேத்தில் நிற்கும்போது கையுறை போடக் கூடாது என்பது. சுற்றும் இரும்பு கையுறையைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கம்பியைப் பிடிக்கும் சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது எகிறி வந்து எதிரில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். அதனால் சாவி கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகையில் இருக்க வேண்டும். மூன்றாவது இடமே கிடையாது.

அன்றைய வேலை, 25 மி.மீ. கம்பியின் ஒரு முனையை 20 மி.மீ. ஆகக் கடைந்து, அதில் 6204 பேரிங் உட்காரும்படி செய்வது. பேரிங் எண்ணைப் படிக்க அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி இரண்டு இலக்கம் 04 என்றால் ஐந்தால் பெருக்கு, உள்விட்டம் 20. 05 என்றால் 25. 03-ம் அதற்குக் கீழே உள்ளவையும் இந்தக் கணக்கில் வராது; 03 என்றால் 17. பம்ப்பும் கிரைண்டரும் செய்து பிழைக்கும் ஊரில் பிள்ளைகள் வாய்ப்பாட்டோடு இதையும் படித்துவிடுகிறார்கள். வரைபடத்தில் கேட்ட அளவு 20.00. அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் 20.01 வரை சரி.

ஒரு பையன் நிதானமாகக் கடைந்து 20.20-க்குக் கொண்டுவந்துவிட்டான். இன்னும் 0.20 எடுக்க வேண்டும். டயலை 0.20 திருப்பி டூலை ஓட்டினான். அளந்தால் 19.80. டூல் ஒரு பக்கம்தான் உள்ளே போகிறது; ஆனால் கம்பி சுற்றுவதால் எல்லாப் பக்கமும் தேய்கிறது. அதாவது, அந்த லேத்தில் டயல் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு விட்டத்தில் குறையும். இதை அவன் தேர்வில் சரியாக எழுதிவிடுவான். கைக்கு இன்னும் வரவில்லை.

பேரிங்கைப் போட்டுப் பார்த்தார்கள். தொளதொளவென்று உள்ளே போனது. இப்படி ஒரு ஷாஃப்ட்டைப் பம்ப்பில் மாட்டினால் பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகள் உருள்வதோடு நிற்காமல், பேரிங்கே ஷாஃப்ட்டின் மேல் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் இரண்டும் போய்விடும். ஆசிரியர் திட்டவில்லை. “கூட இருந்தா இன்னொரு கட் எடுக்கலாம். எடுத்ததை எப்படிடா ஒட்டறது?” என்று மட்டும் கேட்டார். இன்ஸ்பெக்ஷன் மேசையிலிருந்த மாணவி ரிஜெக்ஷன் சீட்டு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று போட்டாள். ஆசிரியர் அதை அடிக்கச் சொன்னார். “கவனக்குறைவுன்னு எழுதினா அடுத்தவனுக்கு என்ன புரியும்? டயல் கணக்கு தப்புன்னு எழுது.”

எனக்கு அந்தப் பட்டறையில் மிகவும் பிடித்தது இந்தத் திருத்தம்தான். பள்ளிக்கூடத்தில் தவறு என்பது மதிப்பெண்ணாகக் குறைந்து, அத்தோடு மறந்துபோகும். இங்கே அதற்கு ஒரு காரணமும் எடையும் இருக்கின்றன. வீணான கம்பியின் கிராம் கணக்குகூடச் சீட்டில் ஏறுகிறது.

அதே மாணவி இன்னொரு பையன் கொண்டுவந்த பீஸை வாங்கவே மறுத்தாள். சூடாக இருந்தது. ஆறட்டும், பிறகு அளக்கிறேன் என்றாள். 20 மி.மீ. இரும்புத் தண்டு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட 0.01 மி.மீ. பெருக்கும். சலுகையே 0.01 இருக்கிற இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பையன் முணுமுணுத்தான்; வரிசையில் அவள் அவனுக்குப் பின்னால் வருகிற வகுப்புத் தோழி. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் அவள் தோழி இல்லை.

இந்தப் பாவனைக் கம்பெனிக்கு எல்லைகள் உண்டு. இங்கே சம்பளம் இல்லை, பீஸ் ரேட் இல்லை, நைட் ஷிஃப்ட் இல்லை. முதலாளி போனில் கத்துவதில்லை. கரண்ட் கட்டானால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தொழிற்சாலையில் அது யாரோ ஒருவருடைய ஓவர்டைம். ஒரே பீஸை நாளெல்லாம் செய்யும் அலுப்பையும் பன்னிரண்டு பீஸ் ஆர்டர் கற்றுத்தராது.

அந்தப் பள்ளியில் படித்த ஒருவர் வேலை செய்யும் கணபதிப் பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைக்கும் போனேன். கணினியில் ஓடும் சிஎன்சி மெஷின் இரண்டு, ஒரு பழைய லேத். முதலாளி பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஸ்பீடு இல்லீங்க சார், பசங்க வந்த புதுசுல ஒரு பீஸுக்கு அரை நாள் பண்ணுவாங்க. அதை நான் ஒரு மாசத்துல ஏத்திப்போடுவேன். ஆனா அளந்து பாக்காம பீஸை டிரேல போடக் கூடாதுங்கற புத்தி இருக்குது பாருங்க, அதை என்னால ஏத்த முடியாது” என்றார். சிஎன்சி வந்த பிறகு கை லேத் எதற்கு என்று கேட்டேன். டூல் தேயத் தேய அளவு நகரும், எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து மெஷினுக்குச் சொல்கிறவன் ஆபரேட்டர், பட்டன் மட்டும் அமுக்குகிறவன் ஹெல்பர் என்றார்.

கையால் செய்து கற்க வேண்டும் என்ற இந்தச் சிந்தனை கோவைக்குப் புதிதல்ல. தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் 1945-ல் இங்கே அப்போதைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. பொறியியலுக்கு நான்கு ஆண்டு படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடி, அரசு ஏற்காததால் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். கல்லூரி இடம் மாறிப் பெயரும் மாறிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு மட்டும் இன்றும் ஹோப் காலேஜ்தான்.

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதத்தை 1990-க்குள்ளும் 25 சதவீதத்தை 1995-க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர நினைத்தது. அந்த இலக்கின் அருகில்கூட நாடு போகவில்லை. தொழிற்பழகுநர் சட்டத்தில் அதே 1986-ல் செய்த திருத்தம் தொழிற்பிரிவு முடித்தவர்களுக்கும் பழகுநர் வாய்ப்பைத் திறந்தது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. இவ்வளவு இருந்தும், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கும் இடமாகவே பல தலைமையாசிரியர்கள் இதைப் பார்க்கிறார்கள், பெற்றோரும் அப்படியே. ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் பல பள்ளிகளில் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் போனதும் பிரிவு மூடப்படுகிறது, லேத்துக்குத் துணி போர்த்தப்படுகிறது. டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீனமாக்கிய அரசு, தன் பள்ளிக்கூடங்களில் இருக்கும் கொட்டகைகளையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அங்கே முதலில் வேண்டியது ரோபோ அல்ல, ஆசிரியர்.

கோவையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் மிஞ்சும் துண்டுக் கம்பிகளைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் பக்கத்துப் பள்ளியில் தொழிற்பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாதம் ஒரு மதியம் அங்கே போய் இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்காருங்கள். நீங்கள் ‘ரிஜெக்ட்’ என்று சொன்னால் பிள்ளைகள் ஆசிரியர் சொல்வதைவிடக் கவனமாகக் கேட்பார்கள்.