ஐந்து கிலோமீட்டர் ஏரியும் அப்பத்தாவின் பிடிவாதமும்... கொடைக்கானலில் ஒரு மே மாதம்!

காலை ஆறரை மணி. கொடைக்கானல் ஏரியின் மேல் இன்னும் பனிமூட்டம் விலகவில்லை. குதிரைக்காரர்கள் வரவில்லை. வாடகை சைக்கிள்கள் சங்கிலி போட்டுக் கட்டியபடி வரிசையாக நிற்கின்றன. ஒரே ஒரு டீக்கடையில் மட்டும் பாய்லர் சீறுகிறது. அதன் முன்னால் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக நிற்கிறது மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். மகன், மருமகள், பத்தாவது பரீட்சை எழுதி முடித்த பேத்தி, மூன்றாவது படிக்கும் பேரன். நடுவில், கையில் குடையை ஊன்றியபடி அப்பத்தா.

"ஏம்மா, மூட்டு வலியோட இதெல்லாம் தேவையா? பேசாம போட்ல போய்ட்டு வந்துருவோம்" என்கிறார் மகன்.

"நீங்க போங்கப்பா. நான் நடக்கேன்."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. 1976-ல், கல்யாணமான புதிதில் தாத்தாவோடு பஸ் ஏறி முதன்முதலாக இங்கே வந்தவர் இவர். பிறகு பிள்ளைகள் பிறந்து, அரசு வேலையில் விடுப்பும் கையில் கொஞ்சம் காசும் சேர்ந்த பிறகு, மே மாதம் என்றால் கொடைக்கானல் என்று ஆனது. மற்ற இடங்களைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஏரியை ஒரு சுற்று நடந்தால்தான் கொடைக்கானல் வந்ததாகக் கணக்கு. அது தாத்தா போட்ட சட்டம். அவர் போன மார்கழியில் காலமாகிவிட்டார். 'இந்த வருஷம் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பத்தா, கடைசி நேரத்தில் 'போவோம்' என்றாராம். ஒரே நிபந்தனை, ஏரியைச் சுற்றி நடக்க விட வேண்டும்.

இயற்கையாக அமைந்தது போலத் தோன்றினாலும் இது மனிதர்கள் உருவாக்கிய ஏரி. மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் இங்கிருந்த ஓடைகளின் குறுக்கே கரை எழுப்பி உண்டாக்கியது. ஏரிக்கான முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தார் என்றும் சொல்வார்கள். 1890-ல் இங்கே படகு கிளப் தொடங்கியது. ஆனால், பொதுமக்களும் சுற்றுலாப் பயணிகளும் படகில் ஏற 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

சுமார் 60 ஏக்கர் பரப்பு. ஆனால் எங்கே நின்று பார்த்தாலும் முழு ஏரியும் கண்ணில் படாது. பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள்ளெல்லாம் தண்ணீர் புகுந்து, நட்சத்திரம் போல விரல் விரலாக நீண்டு கிடப்பதுதான் காரணம். மேலே 'அப்பர் லேக் வியூ' போனால்தான் அந்த வடிவம் புரியும். நடப்பவர்களுக்கு இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் சாலை ஒவ்வொரு விரலுக்குள்ளும் வளைந்து போய், திரும்பி வரும். 'அந்தா தெரியுதே' என்று கிளம்பினால் கால் மணி நேரம் ஆனாலும் 'அந்தா'வாகவேதான் இருக்கும். மொத்தம் ஐந்து கிலோமீட்டர்.

முதல் வளைவில் அப்பத்தா நன்றாகவே நடந்தார். பேரன் முன்னால் ஓடி ஓடித் திரும்பி வந்தான். பேத்தி, தாத்தா இருந்தபோது இந்த நடைக்கு அழுது அடம்பிடித்தவள், இப்போது செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இந்த இடத்துலதான் உங்க தாத்தா நிப்பாரு. கடிகாரத்தைப் பாப்பாரு. 'இன்னும் பாதிகூட வரல'ம்பாரு. எனக்குக் கோவம் கோவமா வரும்."

உண்மையைச் சொன்னால், மே மாதத்தில் இந்தச் சாலையில் நிம்மதியாக நடக்க விடியற்காலையை விட்டால் வேறு வழியில்லை. ஒன்பது மணிக்கு மேல் கார், வேன், குதிரை, சைக்கிள் எல்லாம் ஒரே சாலையில்தான். மக்காச்சோளம் சுடும் புகை, மிளகாய் பஜ்ஜி வாசம், குதிரைச் சாண வாடை மூன்றும் கலந்து வரும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ வருகிறவர்கள் ஆன்லைனில் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, எவர்சில்வர் பாட்டிலோடு வருவது நல்லது.

மூன்றாவது வளைவில் மரத்தடித் திண்டு ஒன்றில் அப்பத்தா உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தடவிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார். "முன்னெல்லாம் இம்புட்டுப் பாசி இருக்காது" என்றார்.

அழகான இடம்தான், ஆனால் ஏரியும் நிறையத் தாங்கியிருக்கிறது. சுற்றிலும் விடுதிகள் பெருகப் பெருகக் கழிவுநீரும் களைச்செடியும் சேர்ந்தன. பாதரசம் இன்னொரு கதை. ஊருக்குள் இயங்கிவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வில், ஏரியின் அடிமண்ணிலும் மீன்களிலும் பாதரசம் இருப்பது தெரியவந்தது. அங்கே வேலை பார்த்த 591 தொழிலாளர்கள் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2016-ல்தான் நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்த ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. காரை நிறுத்தி அங்கே செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது இந்த ஏரியின் தண்ணீர் என்று தெரியுமோ!

திண்டில் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியும் அப்பத்தா எழவில்லை. மகன் கொஞ்ச தூரம் தள்ளி நின்று யாருக்கோ போன் பேசுவது போல இருந்தார். பேசவில்லை. போனைக் காதில் வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பாதி தாண்டியாச்சு. போதும். ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றார் மருமகள்.

அப்பத்தா பதில் சொல்லாமல் எழுந்து நின்று பார்த்தார். இரண்டு எட்டு வைத்தார். மறுபடி உட்கார்ந்தார். "முடியலடி" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

ஆட்டோ வந்தது. மீதிச் சாலையை அதில் சுற்றிப் படகுத் துறைக்கு வந்தார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் மிதி படகைவிடத் துடுப்புப் படகையே எடுக்கலாம். படகோட்டி பார்த்துக்கொள்வார், நாம் கால் வலிக்க மிதிக்க வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பெரியவர்கள் ஏறும்போது முதலில் படகின் நடுவில் கால் வைக்கச் சொல்ல வேண்டும்.

பேரன் முதலில் ஏறினான். அப்பத்தாவை மகனும் படகோட்டியும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். மூட்டம் விலகி வெயில் தண்ணீரில் விழுந்திருந்தது. மதுரையில் இந்நேரம் வியர்த்து ஊற்றத் தொடங்கியிருக்கும். இங்கே அப்பத்தா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். படகு நடு ஏரிக்கு வந்ததும், கரையில் அவர் உட்கார்ந்திருந்த திண்டு தெரிந்தது. பேத்தி கையை நீட்டிக் காட்டினாள்.

அப்பத்தா அங்கிருந்து படகுத் துறை வரை கண்ணாலேயே சாலையை அளந்தார். பிறகு மகனிடம் கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?"

"காலைல எட்டு மணிக்கும்மா. ஏன்?"

"ஆறு மணிக்கு அந்தத் திண்டுல என்னை எறக்கி விட்ரு. மிச்சத்தை நடந்துட்டு வந்துர்றேன்."