விற்பனைக்கு ஒரு ஹெரால்டு

புதிய பொருளை விற்பவனுக்கும் பழைய பொருளை விற்பவனுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. புதிய பொருளைப் பற்றி விற்பவன் அறிந்ததை வாங்குபவனும் ஏறக்குறைய அறிவான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், உத்தரவாதச் சீட்டில் எழுதியிருக்கும். பழைய பொருளின் வரலாறோ அதை வைத்திருந்தவனின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. அதிலும் பழுது நீக்கி, பட்டி பார்த்து, பளபளவென்று வண்ணம் பூசி நிறுத்திய பொருளாயின், உடையவன் வாய் திறந்தாலன்றி உண்மை வெளிப்பட வழியில்லை. எங்கள் குடும்பத்துக் காரை விற்க நேர்ந்தபோது இந்த வேறுபாட்டை நான் முழுமையாக உணர்ந்தேன்.

அது 1966-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இக்காலத்துப் பிள்ளைகள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்நாளில் நம் சாலைகளில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை மூன்றே இனம். கல்கத்தா பக்கத்திலிருந்து அம்பாசிடர் வந்தது. பம்பாயிலிருந்து ஃபியட் வந்தது. நம் சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைத் தாண்டியிருந்த தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து நிறுவனம் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளியிட்ட கார், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இங்கே உருவாயிற்று. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. 948 சி.சி. கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின். வெறும் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் முன்சக்கரங்கள்.

அதன் உடலமைப்பில் ஒரு விசேடம் உண்டு. அக்காலத்தில் கவென்ட்ரி நிறுவனத்துக்குக் கார் உடலைச் செய்து கொடுத்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே முழு உடலையும் ஒரே கூடாகச் செய்யாமல், சேஸின் மேல் தனித்தனித் தகடுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் முறையைக் கையாண்டார்கள். முன்மூடி, இரு பக்க மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் அமர்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். கழற்றவும் மாட்டவும் எளிதான இந்த அமைப்பு, வேறு நாடுகளில் பாகங்களை இணைத்துக் காராக்குவதற்கும் உதவியது. அரை நூற்றாண்டுக்குப் பின் எங்களைப் போன்றவர்கள் அதைப் புதுப்பிப்பதற்கும் உதவியது.

ஆண்டர்சன் தெருவில் காகித வணிகம் செய்த எங்கள் மர்ஹூம் வாப்பா, 1971-இல் ஒரு மருத்துவரிடமிருந்து அதை வாங்கினார்கள். இரண்டே கதவுகள், முன்னிருக்கையைச் சாய்த்துத்தான் பின்னால் ஏற வேண்டும். உம்மா முன்னே, நானும் காக்காவும் தங்கையும் பின்னே. நடுவில் அமரும் தங்கையின் கால்கள் தரையைத் தொட ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. மண்ணடிச் சந்துகளில் பெரிய கார்கள் முன்னும் பின்னுமாக நான்கு முறை ஒடித்துத் திரும்பும் இடத்தில் வாப்பா ஒரே வீச்சில் திருப்பிவிடுவார்கள். 1985-இல் பழைய எஞ்சின் ஓய்ந்தபோது, ஹெரால்டுக்குப் பின் அதே தொழிற்சாலை வெளியிட்ட கெஸல் காரின் எஞ்சினைப் பொருத்தி, அதை ஆர்.சி. புத்தகத்தில் முறையாகப் பதிந்தும் வைத்தார்கள்.

வாப்பா 2009-இல் மறைந்தார்கள். கார் இராயபுரத்து வீட்டின் ஷெட்டில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. கடற்காற்று சும்மா இருக்குமா? 2021-இல் திறந்து பார்த்தபோது, கதவுகளின் அடிப்பாகம் விரலால் குத்தினால் உதிர்ந்தது. சேஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் இரும்புக் கைகள் நான்கு, உள்ளீடற்றுப் போயிருந்தன. பின்னிருக்கையின் கீழ்த்தரை சல்லடையாகியிருந்தது.

வாப்பாவின் காலத்திலிருந்தே அந்தக் காரை அறிந்த ஒரு முதிய மெக்கானிக் பாய் அதைக் கையேற்றார். பதினான்கு மாத உழைப்பு. புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி உதிரிப் பாகங்களைத் தேடினோம். கிடைக்காதவற்றை லேத்தில் கடைந்தோம். தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள். இரும்புக் கைகளைப் புதிதாகச் செய்து வெல்டிங் வைத்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. வால்வுகளின் தேய்மானத்தை அந்த ஈயமே தடுத்து வந்தது. ஆகவே எஞ்சின் ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகளைப் பதித்தோம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைப் பழைய இரப்பர்க் குழாய்கள் தாங்கா, அவற்றையும் மாற்றினோம். செலவை நானும் காக்காவும் ஏற்றோம். விற்கும் நாள் வந்தாலும் இதைக் கணக்கில் கழிப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். அது வாப்பாவுக்காகச் செய்தது.

அந்தப் பதினான்கு மாதங்களிலும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெழுதி வந்தேன். எந்த இடத்தில் வெல்டிங், எங்கே எவ்வளவு பட்டி, எந்தப் பாகம் அசல், எது கடைந்தது என்று தேதியிட்டு எழுதி, புகைப்படங்களையும் ஒட்டி வைத்தேன்.

பின்னர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் நிலை வந்தது. காரை நிறுத்த இடமில்லை. விற்றுத் தொகையைப் பங்கு வைப்பதென்று முடிவாயிற்று. வாப்பாவின் சொத்தில் பங்கிடப்படாமல் எஞ்சியிருந்தது அது ஒன்றே. உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் எங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, தங்கைக்கு ஒன்று.

தரகர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐந்தேகால் இலட்சத்துக்கு ஆள் இருக்கிறது" என்றார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியதும் அவர் முகம் மாறியது. "இதை ஏன் சார் காட்டுகிறீர்கள்? வண்டி பேசட்டும். கேட்டால் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள்."

காக்காவும் அவர் பக்கமே சாய்ந்தார்கள். "நீ மட்டும் என்றால் உன் விருப்பம். இதில் உம்மாவின் பங்கு இருக்கிறது, தங்கையின் பங்கு இருக்கிறது. உன் மனநிறைவுக்காக அவர்கள் பணத்தைக் குறைக்க உனக்கு என்ன உரிமை?"

நியாயமான கேள்வி. என் பணத்தை இழந்து நான் நேர்மையாக இருப்பது எளிது. பிறர் பணத்தை இழந்து நேர்மையாக இருக்க எனக்கு அதிகாரமுண்டா? மார்க்கம் தெளிவாகத்தான் இருக்கிறது: குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது. ஆயினும் காக்காவுக்கு அந்த வேளையில் விடை சொல்ல எனக்கு நா எழவில்லை.

விடை சொன்னவள் தங்கை. "காக்கா, அந்தப் பின்னிருக்கைக்குக் கீழேதானே தரையை வெட்டி ஒட்டினீர்கள்? நான் உட்கார்ந்த இடம் அது. இனி வாங்குகிறவரின் பிள்ளை உட்காரும். சொல்லிவிட்டே விற்போம். எனக்குக் குறைவது குறையட்டும்." உம்மா ஒன்றும் பேசவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காரின் முன்னிருக்கையில் வைத்தார்கள்.

முதலில் வந்த இளைஞர் காரைப் பார்த்து மகிழ்ந்தார். நோட்டைப் படித்துத் தயங்கினார். அவர் தயக்கத்துக்கும் காரணமிருந்தது. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. சேஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதலின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிக்கே அந்தத் தகுதி. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாடம் ஓட்டலாகாது. அந்தத் தகுதியை விரும்பிய அவர், எஞ்சின் மாறியதையும் சேஸில் வெல்டிங் இருப்பதையும் படித்ததும் நன்றி கூறிச் சென்றுவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வாங்கிய பிறகு அறிந்திருந்தால் வருந்தியிருப்பவர் அவர்.

அடுத்து வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர். சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார். வெறுந்தகட்டில் காந்தம் ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் வழுக்கும். நோட்டை ஒரு கையிலும் காந்தத்தை மறு கையிலுமாக இரண்டு மணி நேரம் காரைச் சுற்றி வந்தார். பட்டி என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் காந்தம் வழுக்கியது. எழுதாத இடங்களில் ஒட்டிக்கொண்டது. "காந்தத்தால் பார்க்க முடியாத பக்கங்களையும் நம்பலாம் போலிருக்கிறது" என்றார். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்மடங்கும் இயல்பு இக்காருக்கு உண்டு என்பதையும் சொன்னேன். அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

நான்கு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு முடிந்தது. தரகர் சொன்னதில் அறுபத்தையாயிரம் குறைவு. உம்மாவுக்கு 57,500, எங்களுக்குத் தலைக்கு 1,61,000, தங்கைக்கு 80,500. அவள் இழந்தது 11,375 ரூபாய். காக்கா கணக்கை இருமுறை கூட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களே படிவம் 29-லும் 30-லும் கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வந்தார்கள்.

இதில் வாசகர்கள் அலட்சியம் காட்டலாகாது. விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டுமென்பது சட்டம். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சாவியைக் கொடுத்துப் பணத்தை எண்ணிக்கொண்டதோடு விற்பனை முடிந்துவிடுவதில்லை.

பழைய கார் மட்டுமன்று. வீடோ, தையல் இயந்திரமோ, எதைச் செப்பனிட்டாலும் செப்பனிடும் நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். விற்கும் நாளில் ஆசை நம் நினைவை மங்கச் செய்யும். எழுதி வைத்த தாள் மங்காது. எங்கள் நோட்டில் மூன்று பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அடுத்த எஞ்சின் எண்ணெய் மாற்றும் தேதியை அதில் எழுதிக்கொண்டதாகப் பொறியாளர் தொலைபேசியில் சொன்னார்.