குடமா, விளக்கா?

ஆனையிறவின் உப்புவெளி முடிந்ததும் யாழ்தேவியின் யன்னலில் பனையும் தென்னையும் வந்துவிடுகின்றன. பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், அடுத்தது கொடிகாமம். 1990இல் போரால் நின்றுபோன ரயில் 2014இல்தான் இந்தப் பக்கம் திரும்பி வந்தது. நிலையத்தில் இறங்குகிறவர்களில் பாதிப்பேருடைய பைகளில் விமான நிறுவனத்து அட்டைகள் இன்னும் தொங்குகின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் கொடிகாமம் இருக்கும் தென்மராட்சிப் பகுதிக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வந்து சேருவார்கள்.

கொழும்பிலிருந்து வந்த எழுத்தாளர் தேடி வந்ததும் அப்படி ஒரு வீட்டைத்தான். கச்சாய் வீதியில் அவருடைய பெரியப்பாவின் வீடு. பிள்ளைகள் நால்வரும் நான்கு நாடுகளில்: ரொறன்ரோ, லண்டன், சூரிச், சிட்னி. இந்த நான்கு நாடுகளும் 2005க்கும் 2021க்கும் இடையில் ஒரே கேள்விக்கு விடை சொல்லியிருக்கின்றன. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணம் செய்யலாமா? விடை எல்லா இடத்திலும் ‘ஆம்’தான். ஆனால் அந்த விடையை யார் சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு. எழுத்தாளருக்கு அந்த வேறுபாடுதான் வேண்டியிருந்தது.

கனடாவில் நீதிமன்றங்கள் ஒவ்வொரு மாகாணமாக வழிதிறக்க, 2005 ஜூலையில் பாராளுமன்றம் சட்டம் செய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2013இல் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்ற, மறு ஆண்டு மார்ச்சில் முதல் திருமணங்கள் நடந்தன. இந்த இரண்டு நாடுகளிலும் மக்களிடம் யாரும் வாக்குச்சீட்டு நீட்டவில்லை.

சூரிச்சிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சாள் கதை வேறு. சுவிஸ் பாராளுமன்றம் 2020 டிசம்பரில் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பம் சேர்த்து அதை மக்கள் வாக்குக்குக் கொண்டு போனார்கள். 2021 செப்டெம்பர் 26 அன்று 64.1 வீதத்தினர் ‘ஆம்’ என்றார்கள். “தபாலில கடுதாசி வந்தது. எங்கட ஆக்களுக்குள்ள அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நான் ‘ஓம்’ எண்டு போட்டன். அவர் என்ன போட்டாரெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது,” என்றார் மச்சாள். சுவிஸ் நாட்டில் மக்கள் வாக்கு ஆண்டுக்குப் பலமுறை வரும். பழகிய வேலையாக இருந்தும் வீட்டுக்குள் அப்படியொரு மௌனம்.

சிட்னியின் கதைதான் எழுத்தாளரைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டது. அவுஸ்திரேலிய அரசு 2017இல் தபால்வழிக் கருத்தறிதல் ஒன்றை நடத்தியது. அதன் முடிவு பாராளுமன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இருந்தும் ஒரு கோடியே 27 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். 61.6 வீதம் ‘ஆம்’. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது. ஆனால் மேற்குச் சிட்னியில், தமிழர் நெருக்கமாக வாழும் பகுதிகளைச் சுற்றிய பரமற்றா தொகுதியில் 38.4 வீதம்தான் ‘ஆம்’. பக்கத்துக் கிறீன்வேயிலும் ‘இல்லை’தான் வென்றது. இந்த எண்களை வைத்துத் தமிழர் என்ன போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பல இனத்தவர் கலந்து வாழும் தொகுதிகள் அவை. ஆனாலும் அந்தத் தெருக்களில் தன்பாலீர்ப்புள்ள ஒரு தமிழ்ப் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தால், அந்த வாரங்களில் அது தபால்காரர் வீடு வீடாகப் போவதைப் பார்த்திருக்கும். தன் வாழ்க்கையைப் பற்றி அடுத்த வீட்டார் தீர்ப்பெழுதி உறையில் ஒட்டி அனுப்புகிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருக்கும். வென்ற பிறகும் அந்த நினைவு போகாது. வாக்கெடுப்பின் விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வாக்கெடுப்பு எப்போதும் வெல்லும் என்பதும் இல்லை. அயர்லாந்து 2015 மே 22இல் 62 வீதத்தோடு ‘ஆம்’ என்று உலகத்துக்கு முன்னால் மகிழ்ந்தது. தாய்வானில் 2018 நவம்பரில் மக்கள் பெரும்பான்மையாக எதிர்த்தே போட்டார்கள். முந்தைய ஆண்டே அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தபடியால்தான் 2019 மேயில் சட்டம் வந்தது. மக்கள் தலையை எண்ணியிருந்தால் வந்திருக்காது.

இலங்கை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? திருமணம் பற்றிய பேச்சுக்கே இடமில்லாத இடத்தில். பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365ஆம், 365அ பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. முதலாவதுக்குப் பத்து ஆண்டு வரை சிறை, இரண்டாவதுக்கு இரண்டு ஆண்டு வரை. 365அ ஆரம்பத்தில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் திருத்தம் செய்தபோது அதை நீக்காமல், பெண்களுக்கும் நீட்டிவிட்டார்கள். சமத்துவத்தின் பெயரால் நடந்த மிக மோசமான வேலைகளில் அது ஒன்று.

இதை மாற்றப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது 2023இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எதிர்த்து மனுச் செய்தவர்களின் வாதத்தின் சாரம் இதுதான்: இது அரசியலமைப்புக்கு முரண், சாதாரண பெரும்பான்மை போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். அதாவது நாட்டைக் கேளுங்கள் என்றார்கள். மூன்று நீதியரசர்கள் கொண்ட குழு அதை ஏற்கவில்லை. சட்டமூலத்தில் அரசியலமைப்புக்கு முரணாக எதுவும் இல்லை என்றும், வயதுவந்தவர்கள் இருவர் சம்மதத்தோடு தனிமையில் செய்வதைக் குற்றமற்றதாக்குவது மனித மாண்பை உயர்த்துவதே என்றும் சொன்னது. அந்த முடிவைச் சபாநாயகர் 2023 மே 9 அன்று சபையில் அறிவித்தார்.

சர்வசன வாக்கெடுப்பு என்றதும் பெரியப்பா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்தார். இந்த நாட்டில் அது ஒரே ஒரு முறைதான் நடந்தது, 1982 டிசம்பர் 22இல். பாராளுமன்றத்தின் காலத்தைத் தேர்தல் இல்லாமல் ஆறு ஆண்டு நீட்டுவதற்கு. ‘ஆம்’ என்றால் விளக்கு, ‘இல்லை’ என்றால் குடம்.

“இஞ்சை எல்லாரும் குடத்துக்குத்தான் போட்டனாங்கள் தம்பி. ஊரே போட்டது. வெண்டது விளக்கு,” என்றார் பெரியப்பா.

யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாடு முழுவதும் விளக்குக்கு 54.66 வீதம் விழுந்தது. வடக்கு எவ்வளவு உரத்துச் சொன்னாலும் தெற்கின் தொகை அதை விழுங்கும் என்பதைக் கொடிகாமத்து வாக்காளர் அன்று வாக்குப்பெட்டியிலேயே கண்டார்கள். தொகையில் சிறியவர்களின் உரிமையைத் தொகையில் பெரியவர்களின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தமிழருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் அதைப் பெரியப்பாவிடம் அப்படியே சொன்னார். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “அது வேற, இது வேற,” என்றார். கொஞ்சம் கழித்து, “வேறதான். ஆனா கணக்கு ஒண்டுதான்,” என்றார்.

மறுநாள் காலை சந்தைப் பக்கம். கொடிகாமம் சந்தையில் பலாப்பழம் குவிந்து கிடந்தது. தேங்காய் நூறு நூறாக எண்ணப்பட்டது. இந்த மண்ணில் திருமணம் என்றால் காணி, தோட்டம், வீடு எல்லாம் பின்னால் வரும். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிவித்த தேசவழமை இன்றும் வடமாகாணத் தமிழருக்குச் சட்டம். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிச் சேர்த்தது) என்று சொத்தைப் பிரிக்கிற முறை அது. தம்பதியரில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தேடியதேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் கணவனையோ மனைவியையோ சேரும். இரண்டு பெண்கள் இருபது ஆண்டு சேர்ந்து உழைத்து ஒருத்தியின் பெயரில் ஒரு தென்னங்காணி வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் உயில் எழுதாமல் கண்மூடினால் மற்றவளுக்குச் சட்டப்படி ஒரு தேங்காய்கூட இல்லை. திருமண உரிமை பற்றிய பேச்சைக் கொழும்பு மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்கள் இந்தக் காணிக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வானவில் கொடி யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் அல்ல. 2022 ஜூனில் யாழ் நகரத் தெருவில் திருநர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் ஊர்வலம் போனார்கள். கொடிகாமத்திலிருந்து அது பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரம். நடந்தவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள், தமிழில்தான் பேசினார்கள். அவர்கள் எந்த வாக்கெடுப்பையும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து துரத்தாதீர்கள், பொலிசில் பிடித்துக் கொடுக்காதீர்கள் என்பதுதான் இங்கே முதல் தேவை. திருமணம் அதற்குப் பிறகு வரும் படி. ஆனால் வர வேண்டிய படி.

2024 செப்டெம்பர் 24இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு தொலவத்தவின் சட்டமூலமும் காலாவதியானது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டாம், மூன்றில் இரண்டும் வேண்டாம். சபையில் சாதாரண பெரும்பான்மை போதும் என்பதற்கு உயர் நீதிமன்றத்தின் முடிவே இருக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு அங்கே ஆறு ஆசனங்கள். கொடிகாமத்தாரும் வாக்குப் போட்டு அனுப்பிய அந்த ஆறு பேரும் 365ஆம் பிரிவை நீக்கக் கை உயர்த்துவார்களா என்று, அடுத்த முறை ஊருக்கு வரும்போது முகத்துக்கு நேரே கேளுங்கள்.