காஷ்மீர் வாயிலில் ஒரு கண்ணாடி

தில்லியில் வைகாசி பிறப்பதற்கு முன்பே 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் வந்துவிடும். இந்நகரில் வாழும் நம் அன்பர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் அனல் வீசும். மாலையில் மேற்கு வானம் செம்மண் நிறம் கொள்ளும். ஐந்தே நிமிஷங்களில் உலகம் இருண்டு போகும். சென்ற ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரவு அவ்வாறு வந்த புயலில், மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் முன் நிற்கும் வேப்பமரத்துக் கிளை முறிந்து எங்கள் வண்டியின் மேல் விழுந்தது.

வண்டி எட்டு வயதான எஸ்.யு.வி. எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லி விளம்பரம் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை. கூரையில் சிறு நசுங்கல், அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் மூன்றாவது வரிசை இருக்கையின் இடப்புறத்தில், ஏற்றவோ இறக்கவோ முடியாதபடி வண்டியின் உடலோடு பதித்திருக்கும் கண்ணாடி முற்றும் நொறுங்கிப் போயிற்று. கல்கண்டு மூட்டையைக் கவிழ்த்தாற்போல் இருக்கை முழுவதும் கண்ணாடி மணிகள். அது எங்கள் பையன் உட்காரும் இடம். ஏழு வயதுக்காரன், வண்டி புறப்பட்ட கால் மணியில் அந்தக் கண்ணாடியில் தலை சாய்த்து உறங்கிவிடுவான்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் மதுரைக்குப் புறப்பட வேண்டும். நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர்ப் பயணம். பள்ளி விடுமுறைக் காலத்தில் ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கேட்பது எத்தகைய காரியம் என்பதும் அன்பர்கள் அறிந்ததே. அங்கீகாரம் பெற்ற பட்டறை ஒன்றில் விசாரித்தோம். கண்ணாடி வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். முழுப் பாதுகாப்புப் பாலிசியில், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தேய்மானம் கழிப்பதைப் போலக் கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. ஆனால் ஒருமுறை இழப்பீடு கேட்டுவிட்டால், ஆண்டுக்காண்டு ஏறி 50 சதவீதம் வரை வளரும் சலுகை போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்ததில், கண்ணாடியின் விலையைவிடச் சலுகையே பெரிதாக இருந்தது. கைப்பணத்தைத்தான் செலவழிக்க வேண்டும் என்று தீர்மானித்தோம்.

உடைந்ததை ஒட்ட முடியாதா என்று பாட்டி கேட்டார். முகப்புக் கண்ணாடியில் கல்பட்டுச் சிறு விரிசல் கண்டால் பிசினைச் செலுத்தி அடைக்கலாம். அது நடுவே பிளாஸ்டிக் தாளை வைத்து இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. பக்கத்துக் கண்ணாடி ஒரே தகடு. அதை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றைப் பீச்சித் திடீரென்று குளிர வைக்கிறார்கள். மேற்புறம் இறுகி நெருக்கப்பட்டு நிற்க, உட்புறம் இழுபட்டு நிற்கிறது. அதனால் வலிமை பன்மடங்கு. ஆனால் ஓரிடத்தில் உடைந்தால் அந்தக் கட்டு முழுவதும் அவிழ்ந்து மணிமணியாக உதிர்ந்துவிடும். கத்திபோல் கிழிக்காமல் உதிர வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடு. காய்ச்சிக் குளிர்வித்த பிறகு அதை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. ஆகையால் அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்ததைத்தான் தேட வேண்டும்.

திங்கட்கிழமை காஷ்மீர் கேட்டுக்குச் சென்றோம். நீல வழித்தடத்தில் ராஜீவ் சௌக் சென்று, மஞ்சள் வழித்தடத்திற்கு மாறினால் நேரே கொண்டுபோய் விடுகிறது. வண்டியை எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு எங்கள் அனுதாபங்கள்.

ஷாஜஹான் கட்டிய நகரத்தின் வடக்கு வாயில் அது. காஷ்மீருக்குப் போகும் பாதை அங்கே தொடங்கியதால் அப்பெயர் பெற்றது. 1857 செப்டம்பர் 14ஆம் நாள் ஆங்கிலேயப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தது இவ்வழியாகத்தான். இரட்டை வளைவுகளோடு வாயில் இன்னும் நிற்கிறது. பீரங்கிக் குண்டுகள் குதறிய பள்ளங்களை யாரும் பூசி மறைக்கவில்லை. சற்று உள்ளே, ஜேம்ஸ் ஸ்கின்னர் என்னும் படைத்தலைவர் கட்டுவித்து 1836இல் திறக்கப்பட்ட புனித ஜேம்ஸ் தேவாலயம், மஞ்சள் வண்ணத்தோடும் குவிமாடத்தோடும் அமைதியாக நிற்கிறது. அதன் நிழலில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுச் சந்துக்குள் நுழைந்தோமானால், சரித்திரம் முடிந்து மோட்டார் தொடங்கிவிடுகிறது.

அப்பப்பா! விளக்குகள், பம்பர்கள், சைலன்ஸர் குழாய்கள் கூரையிலிருந்து தோரணம்போல் தொங்குகின்றன. தலையில் முழுக் கதவைச் சுமந்து ஒருவர் ஓடுகிறார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினால் ரிக்‌ஷாவின் சக்கரம் பாதத்தைப் பதம் பார்க்கிறது. நாங்கள் முதற்கடையில் 'ஷீஷா' வேண்டும் என்றோம். கடைக்காரர் மிக்க மரியாதையோடு, பின்னால் வருவதைப் பார்க்கும் முகக்கண்ணாடியை எடுத்து வைத்தார். இந்தியிலும் நம் மொழியைப் போலவே இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு கையால் ஜன்னல் வரைந்து காட்டி விளங்க வைத்தோம்.

இங்கே மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வேண்டியது ஒன்றன்று, இரண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலப்புறக் கண்ணாடியை ஒரு கிரிக்கெட் பந்து உடைத்தது. அப்போது சிக்கனம் கருதி, சாலையோரத்தில் ஒருவரைக் கொண்டு மலிவாக மாற்றிவிட்டோம். அன்றுமுதல் ஒவ்வொரு மழைக்கும் அந்த ஓரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடியிலும் குறுக்கே ஒரு கீறல். துண்டு வைத்துத் துடைத்தே மூன்று பருவமழைகளைக் கடத்திவிட்டோம்!

நான்காவது கடையில் ஒரு முதியவர் இருந்தார். அவர் தந்தையார் 1947இல் லாஹூரிலிருந்து வெறுங்கையோடு வந்து இந்தச் சந்தில் கடை வைத்தவராம். எங்கள் ஊர் எது என்று கேட்டு, மதுரை என்றதும், "வருஷத்துக்கு ஒருமுறையாவது போகிறீர்களா?" என்றார். ஆமென்றோம். "பாக்கியசாலிகள்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைத் தொடங்கினார்.

அவர் இரண்டு கண்ணாடிகளை எடுத்து அருகருகே வைத்தார். எங்கள் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை. "மூலையைப் பாருங்கள்" என்றார். ஒன்றில் செய்தவர் பெயரும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 2553 என்னும் எண்ணும் அழியாதபடி பதிந்திருந்தன. சாலை வண்டிகளின் பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர எண் அது. மற்றதன் மூலை வெறுமையாக இருந்தது. "இது எப்படி உடையும் என்று எனக்கும் தெரியாது, செய்தவனுக்கும் தெரியாது. யார் உட்காரும் இடம்?" என்று கேட்டார். பையன் என்றோம். வெறுமையான கண்ணாடியை அவர் பேசாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். முத்திரையுள்ளது ஒன்று 4,800 ரூபாய். இரண்டும் புதன்கிழமை காலையில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்.

9,600 ரூபாய், அதற்கு மேல் கூலி. கல்யாணச் செலவு கண்முன் நிற்கும் மாதத்தில் அது சிறு தொகையன்று. யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். அன்றிரவு அண்டை வீட்டு நண்பர், "மாயாபுரிக்குப் போங்கள், பழைய வண்டியில் கழற்றிய அசல் கண்ணாடி மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்" என்றார்.

மாயாபுரி தில்லியின் மேற்கே இருக்கிறது. பழைய இரும்புக்கும் கழித்துவிட்ட வண்டிகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர் போனது. 2010 ஏப்ரலில் நாடு முழுவதும் அப்பெயரைக் கேட்டு நடுங்கியது. தில்லிப் பல்கலைக்கழகம் பழைய சாமான் என்று ஏலத்தில் விற்ற கருவி ஒன்றைப் பிரித்தபோது அதிலிருந்த கோபால்ட் கதிரியக்கம் தாக்கி ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். 2019இல் மாசு காரணமாகப் பல கடைகளுக்கு முத்திரையிட்டார்கள். ஆயினும் வாணிகம் அடியோடு நின்றுவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு இளஞ்சிவப்பு வழித்தடத்தில் சென்றோம். மாறாமல் ஒரே ரயிலில் போகலாம். நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், எண்ணெய்க் கறையேறிய மண்ணும், அடுக்கி வைத்த கதவுகளும், சங்கிலி பூட்டிய என்ஜின்களும் வரவேற்கின்றன. இளைஞர் ஒருவர் கேட்ட மாத்திரத்தில் இரண்டு கண்ணாடிகளையும் கொண்டுவந்தார். மூலையில் முத்திரை சரியாக இருந்தது. ஒன்று 1,500 ரூபாய். பணத்தை எண்ணத் தொடங்கினோம் என்பதை மறைப்பானேன்?

மகள் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதில் ஏதோ எழுதியிருக்கிறதே" என்றாள். திருடர்களுக்கு அஞ்சி வண்டியின் பதிவெண்ணை ஒவ்வொரு கண்ணாடியிலும் பொறித்து வைப்பது வழக்கம். உடைந்த எங்கள் கண்ணாடியிலும் பொறித்திருந்தது. இதில் அந்த இடத்தைத் தேய்த்து அழிக்க முயன்றிருந்தார்கள். கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மற்றதிலும் அதே இடத்தில் தேய்ப்பு.

இளைஞர் தயங்கவில்லை. "விபத்தில் நசுங்கிய வண்டி, ஏலத்தில் எடுத்தது" என்றார். இருக்கலாம். அப்படி முறையாக ஏலத்தில் விற்கும் வண்டிகள் உண்டு. ரசீது கிடைக்குமா என்று கேட்டோம். இந்த விலைக்கு ரசீதா என்று சிரித்தார். விபத்து வண்டியானால் எண்ணை அழிப்பானேன் என்று மகள் எங்களைத்தான் தமிழில் கேட்டாள், அவரைக் கேட்கவில்லை. எங்களிடம் விடை இல்லை. மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு யாருடைய வண்டி என்று தேடவும் வழியில்லை. எண்ணிய பணத்தைத் திரும்பப் பையில் வைத்தோம். இளைஞர் 1,200 என்றார். பிறகு 1,000 என்றார். ரயிலில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

வழியிலேயே காஷ்மீர் கேட் முதியவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். புதன்கிழமை கண்ணாடிகளும், அவர் அனுப்பிய மிஸ்திரியும் எங்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். மிஸ்திரி பழைய தில்லிக்காரர், அறுபது வயதிருக்கும். இடப்புறத்தை முதலில் எடுத்துக்கொண்டார். உட்புறத்துத் தகடுகளைக் கழற்றி, சந்துகளில் புகுந்திருந்த மணிகளை உறிஞ்சும் கருவியால் எடுப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய பசையை முற்றும் சுரண்டாமல் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு விட்டுவைத்தார். வெறும் இரும்பைவிடப் பழைய பசையின் மேல்தான் புதுப்பசை நன்றாகப் பற்றுமாம். கண்ணாடியின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டை அழகுக்கென்றே இதுநாள்வரை எண்ணியிருந்தோம். வெயில் பட்டுப் பசை கெடாமலிருக்கவே அதை வைத்திருக்கிறார்கள் என்பதை அவரிடம் கற்றோம்.

வலப்புறத்தைக் கழற்றியதும் அவர் நாக்கைக் கொட்டினார். சாலையோரத்து மனிதர் குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனை அப்பியிருந்தார். அதன் அடியில் ஓரம் முழுவதும் துரு. ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் பொடிந்தது. சிலிக்கோன் இம்மியளவு மிஞ்சினாலும் புதுப்பசை பிடிக்காது. ஆகையால் அதை அணு அணுவாக நீக்கி, துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு மை பூசி, வண்ணம் பூசி, அது உலரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் வியாழன் காலையில்தான் முடிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் கூலியாகக் கொடுத்தோம்.

நாளை விடியலில் புறப்படலாமா என்றோம். அவர் வானத்தைப் பார்த்தார். "இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். மே மாதத்தில் தில்லிக் காற்றில் ஈரம் ஏது? நல்லவேளை, ஆந்திக்குப் பிறகு கொஞ்சம் இருக்கிறது. இன்று வண்டியை அசைக்காதீர்கள். முன்கண்ணாடியை இரண்டு விரல் இறக்கியே வையுங்கள். கதவை அறைந்து சாத்தினால் உள்ளிருக்கும் காற்று புதுக்கண்ணாடியை வெளியே தள்ளும்." அன்று முழுவதும் வண்டியின் பக்கமாகப் போன குழந்தைகளை எல்லாம் பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

வெயிலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டட்டுமா என்றும் மிஸ்திரி கேட்டார். 2012இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தாள்களைத் தடுத்துத் தீர்ப்பளித்ததை நினைவூட்டி, வேண்டாம் என்றோம். பக்கக் கண்ணாடி வழியே வெளிச்சத்தில் பாதியாவது உள்ளே வர வேண்டும் என்பது விதி. பையனுக்குப் பழைய பருத்தித் துணியில் ஒரு திரை தைத்தாயிற்று.

"நம்பர் பொறிக்கட்டுமா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. நாங்கள் மகளைப் பார்த்தோம். அவள், "ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கிளம்பி யமுனை விரைவுச்சாலையைப் பிடித்தோம். குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஐதராபாத் என்று நான்கு நாள் வெயிலிலேயே சென்றோம். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் கோடை மழை கொட்டிற்று. முன்னால் பாதை தெரியவில்லை, ஓரமாக நிறுத்தினோம். பின்னிருக்கையில் இருவரும் விழித்துக்கொண்டார்கள். பையன் தன் பக்கத்து விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினான். பிறகு எட்டி அக்காளின் பக்கத்தையும் தடவினான். "துண்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடியில் சாய்ந்துகொண்டான்.