முகம் இழந்த வண்டிகள்

மோட்டார் வண்டிகளுக்கும் முகம் உண்டு. முன்விளக்குகள் இரண்டும் கண்கள். அவற்றின் நடுவே காற்றை உள்ளிழுக்கும் கிராதி வாய். அந்த முகத்தைக் கொண்டே எங்கள் தலைமுறை வண்டிகளை இனங்கண்டது. தூரத்தில் வருவது ஒஸ்ரினா, மொறிஸ் மைனரா, பேஜோவா என்று சொல்ல எவருக்கும் பெயர்ப்பலகை தேவைப்பட்டதில்லை. இன்று கொழும்பு காலி வீதியோரம் நின்று, கடந்து செல்லும் மின்சாரக் கார்களைப் பாருங்கள். பின்புறத்து எழுத்துகளை வாசித்தாலன்றி எது எந்தக் கம்பனியின் வண்டி என்று சொல்வது கடினம். மலிவான வண்டிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை. முகத்துக்காகவே பெருவிலை கேட்டு வந்த ஆடம்பரக் கம்பனிகளுக்கும் இதே கதி நேர்ந்திருப்பதுதான் சிந்தனைக்குரியது.

நான் பிறந்து வளர்ந்த சல்லி, திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்த கடலோரக் கிராமம். அங்கே கார் வைத்திருந்தோர் எவரும் என் நினைவில் இல்லை. முத்துமாரியம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தவர்கள் நகரத்திலிருந்து வாடகைக் கார்களில் வருவார்கள். அவற்றுள் மொறிஸ் மைனரும், எங்கள் மக்கள் ‘ஏ போர்ட்டி’ என்று செல்லமாக அழைத்த ஒஸ்ரினும் இருக்கும். மணலில் சில்லுப் புதைந்தால் தள்ளிவிடச் சிறுவர்கள் நாங்கள் ஓடுவோம். வந்து நின்றதும் சாரதி பொனற்றைத் திறந்து, சூடு தணியக் காத்திருந்து, ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்த முன்கிராதி அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று, வண்டி மூச்சுவிடும் வழி அது என்பதை அவரிடமிருந்துதான் அறிந்துகொண்டேன்.

பெற்றோல் இயந்திரம் எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் வலுவாகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெறும் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற முன்னால் ரேடியேற்றர் வேண்டும். ரேடியேற்றருக்குக் காற்று வேண்டும். காற்றுக்கு வாசல் வேண்டும். அந்த வாசலைத்தான் ஒவ்வொரு கம்பனியும் தன் கைவண்ணத்தில் அமைத்தது. றோல்ஸ் றோய்ஸ் அதனைக் கிரேக்கக் கோயிலின் தூண்வரிசை போல நிறுத்தியது. பிஎம்டபிள்யூ 1933ஆம் ஆண்டின் 303 என்ற வண்டியில் இரு சிறுநீரகங்களைப் போலப் பிளந்து வைத்தது. மேர்சிடிஸ் அதன் உச்சியில் நட்சத்திரத்தைப் பதித்தது. பொனற்றின் நீளமும் அவ்வாறே. ஆறு சிலிண்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் இயந்திரம் நீளும். அதனை மூட நீண்ட பொனற் வேண்டும். 1961இல் வெளிவந்த ஜகுவார் ஈ-ரைப்பின் பேரழகு அந்த நீளத்தில் பிறந்தது. தேவையில் தோன்றியவையே பின்னர் அடையாளங்களாக நிலைபெற்றன.

மின்சாரக் காரில் இந்தத் தேவைகள் பெரும்பாலும் இல்லை. பற்றரி தரைக்கடியில் விரிந்து கிடக்கிறது. மோட்டார் சிறியது, அச்சோடு ஒட்டி அமர்ந்துவிடுகிறது. குளிரூட்டலுக்குச் சிறு துவாரங்கள் போதும். மறுபுறம் புதிய தேவையொன்று எழுந்துள்ளது. ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதே இன்றைய போட்டி. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. ஆகவே வண்டியின் உருவத்தைச் சிற்பியைக் காட்டிலும் காற்றுச் சுரங்கமே தீர்மானிக்கிறது. யார் போய்க் கேட்டாலும் காற்று ஒரே விடையைத்தான் சொல்கிறது: மூக்கை உருட்டு, கூரையை வளை, வாலைக் குறுக்கு. எல்லா வண்டிகளும் ஆற்றுக் கூழாங்கல்லைப் போலாவதன் காரணம் இதுவே.

மேர்சிடிஸ் கம்பனி 2021இல் வெளியிட்ட ஈகியூஎஸ் இதற்குச் சிறந்த சான்று. அதன் காற்றெதிர்ப்புக் குணகம் 0.20. பொறியியலாளர் பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நெடிய பொனற்றும் நிமிர்ந்த கிராதியும் கொண்ட எஸ் வகுப்புக் காரின் இடத்தில் அதனை வைத்துப் பார்க்கச் செல்வந்தர்களின் மனம் ஒப்பவில்லை. முகம் இருந்த இடத்தில் வழுவழுப்பான கறுப்புத் தகடொன்று இருந்தது. 2025 செப்ரெம்பரில் மியூனிக் கண்காட்சியில் அதே கம்பனி காட்டிய மின்சார ஜிஎல்சியில் பெரிய கிராதி திரும்பி வந்துவிட்டது. குரோமியச் சட்டத்துக்குள் 942 ஒளிப்புள்ளிகள் மின்னும் கிராதி அது. முன்பு மூச்சுவிட்ட வாய் இப்போது வெளிச்சம் காட்டுகிறது. பிஎம்டபிள்யூவும் இவ்வாறே தடுமாறியது. 2020இல் காட்டிய ஐஎக்ஸ் வண்டியில் சிறுநீரகங்களை மிகப் பெரிதாக்கி, காற்றுப் புகாதபடி மூடி, அவற்றின் பின்னால் கமராவையும் ராடரையும் வைத்தது. 2025இல் வந்த ஐஎக்ஸ்3 வண்டியில் அவற்றை ஒடுக்கி, 1960களின் வடிவத்தை நினைவூட்டும்படி செய்திருக்கிறது.

எங்கள் கடற்கரையிலும் உருவங்கள் மாறின. மரவள்ளங்கள் அருகி, ஃபைபர் படகுகள் வந்தன. 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியாக வந்தவற்றுட் பல ஒரே அச்சில் வார்த்தவை. வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டுவதற்காகப் பின்பக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருந்தது. அதை எவரும் குறையாகச் சொல்லவில்லை. தொழில் மாறினால் உருவம் மாறும் என்பதைக் கடலோடிகள் அறிவர். பாய் போன பிறகு பாய்மரத்தை அழகுக்காக நட்டுவைத்த மீனவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. பெருங் கம்பனிகள் செய்வதோ அதனைத்தான்.

இதற்கு நேர்மாறான வழியில் போனது ஜகுவார். அக்கதையில் நம் அயலவரான இந்தியருக்கும் பங்குண்டு. 2008இல் போர்ட் கம்பனியிடமிருந்து ஜகுவாரையும் லான்ட் றோவரையும் ரட்டா மோட்டார்ஸ் 230 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. ஆங்கிலேயரின் வண்டிகளை நாம் வியந்து பார்த்த காலம் போய், அவர்களுடைய பெருமைக்குரிய பெயரொன்றை மும்பாய்க் கம்பனி பேணும் காலம் வந்தது. அதன் உடைமையில் 2018இல் வெளியான ஐ-பேஸ் நேர்மையான மின்சார வண்டி. இயந்திரம் இல்லையாதலால் பொனற்றைக் குறுக்கி, பயணிகள் அமரும் பகுதியை முன்னே நகர்த்தியிருந்தார்கள். 2019இல் உலகின் சிறந்த கார் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் அந்த வழியை அவர்கள் தொடரவில்லை. முற்றிலும் மின்சாரத்துக்கு மாறுவதாக 2021இல் அறிவித்தனர். 2024இல் பழைய கார்கள் பலவற்றின் உற்பத்தியை நிறுத்தினர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிற்ஃபயர் விமானங்களைச் செய்த காசில் புறொம்விச் தொழிற்சாலையில் கார் உற்பத்தி அவ்வாண்டிலேயே முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில், வண்டியே தோன்றாத விளம்பரமொன்றுடன் புதிய எழுத்து வடிவம் வெளிவந்து உலகெங்கும் நகைப்புக்கிடமானது. அடுத்த மாதம் மியாமியில் காட்டிய மாதிரி வண்டிக்கு நெடும் பொனற் இருந்தது. உள்ளே அதற்குரிய இயந்திரம் இல்லை. பின்கண்ணாடியும் இல்லை.

பிறரைப் பின்பற்றாதிருத்தலே ஜகுவாரின் இயல்பு என்பது நிறுவனர் வில்லியம் லயன்ஸின் கொள்கை. அதனையே புதிய சுலோகமாக்கினார்கள். பிறரைப் பின்பற்றாதிருத்தல் வேறு, தன்னையே மறத்தல் வேறு. லயன்ஸின் வண்டிகள் விரும்பப்பட்டதற்கு, போட்டியாளரைவிடக் குறைந்த விலையில் வேகமும் அழகும் கிடைத்ததும் பெருங் காரணம். 1948இன் எக்ஸ்கே120 அதற்குச் சாட்சி. அந்தத் தாராளம் புதிய திட்டத்தில் இல்லை. மிகுந்த விலையில் மிகச் சிலருக்கு விற்பதே அதன் நோக்கம்.

எரிபொருள் மாறினால் அடையாளம் போய்விடும் என்பது விதியன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. புகையும் மணமும் மாறின. ஆனால் ஏ போர்ட்டி ஏ போர்ட்டியாகவே இருந்தது.

றோல்ஸ் றோய்ஸின் அனுபவமும் அதையே சொல்கிறது. 1900ஆம் ஆண்டிலேயே சார்ள்ஸ் றோல்ஸ் மின்சார வண்டிகளின் ஓசையின்மையையும் தூய்மையையும் பாராட்டி, மின்னேற்றும் நிலையங்கள் இல்லாததையே குறையாகக் கூறியிருந்தார். அவர் ஹென்றி றோய்ஸைச் சந்தித்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அக்கம்பனி விற்று வந்தது அமைதி. 2022இல் ஸ்பெக்ரர் என்ற மின்சார வண்டியைக் காட்டியபோது, வாங்குவோர் எதிர்பார்த்த அமைதி முன்னிலும் மிகுதியாகக் கிடைத்தது. அதன் முன்னாலும் தேவையற்ற கோயிற் தூண்கள் நிற்கின்றன, அதுவும் முகமூடியே. ஆனால் உள்ளே ஏறியமர்ந்தவருக்கு அது வேறொரு கம்பனியின் வண்டியாகத் தோன்றாது.

இதனை எழுதத் தூண்டியது கார்மீதுள்ள மோகமன்று. பத்திரிகைத் தொழிலில் முதுமையடைந்தவன் நான். 1930இல் தோன்றிய வீரகேசரியையும் 1932இல் தோன்றிய தினகரனையும், பஸ்ஸில் எதிர் ஆசனத்தில் இருப்பவர் மடித்துப் பிடித்திருந்தாலும் எங்களால் வேறுபடுத்த முடிந்தது. எழுத்துருவும் பத்தியின் அகலமும் தலைப்பிடும் முறையும் காட்டிக்கொடுத்துவிடும். அவையும் தேவையிற் பிறந்தவை. ஈய எழுத்தும் அச்சுப் பொறியும் விதித்தவை. இன்று எல்லாப் பத்திரிகைகளும் கைத்தொலைபேசியின் ஒரே திரையில், ஏறத்தாழ ஒரே எழுத்துருவில் வாசிக்கப்படுகின்றன. பழைய முகப்பெழுத்தை மேலே ஒட்டிவைத்தால் மட்டும் வாசகர் நம்பிவிடமாட்டார். செய்தியை உறுதிப்படுத்திய பின்னரே வெளியிடும் வழக்கம், ஊர்ப்பெயரைப் பிழையின்றி எழுதும் கவனம், இறந்தவரைப் பற்றி எழுதுகையில் காட்டும் நிதானம் ஆகியவையே ஒரு பத்திரிகையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட எஞ்சியிருப்பவை. அவற்றை இழந்த பத்திரிகைக்கு முகப்பெழுத்து எதற்கு?

கார்க் கம்பனிகளிடமும் கேட்க வேண்டியது இதுதான். கிராதி பெரிதாக வேண்டுமா, சிறிதாக வேண்டுமா என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு, தங்கள் வண்டியில் ஏறியவருக்கு வேறெவரும் கொடாத எதைக் கொடுத்து வந்தோம் என்று பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கலாம். விடை கிடைக்குமானால் முகம் தானே அமையும். கிடைக்காவிட்டால் 942 விளக்குகள் அல்ல, ஒன்பதாயிரம் விளக்குகள் எரித்தாலும் வீதியில் நிற்பவர் பின்னால் திரும்பி எழுத்தைத்தான் வாசிப்பார்.