கியர் இல்லாத சைக்கிளும் ஜவ்வாது மலையும்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள்; 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவார்கள்; கால் வலியோடு பஸ் ஏறிவிடுவார்கள். தங்கையை அந்த ஊரில் கொடுத்திருந்தும் நானும் இருபது வருஷமாக அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். போன கார்த்திகையிலிருந்து தை முடிய, தங்கையின் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகவே, மூன்று தடவை போய்த் தங்கும்படி ஆயிற்று. அந்த மூன்று தடவையும் நான் கோயிலில் நின்றதைவிடத் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் சைக்கிள் கடையில் நின்றதுதான் அதிகம் என்றால் சிரிப்பீர்கள்!

காரணம் தங்கை பெண். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் சிநேகிதர்களுமாக எட்டுப் பேர், அதில் மூன்று பெண்கள், தை மாதம் நான்கு நாள் சைக்கிள் போட்டி ஒன்றைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். பெயர் கிடையாது, பரிசும் கிடையாது. முதல் நாள் சாத்தனூர் அணை. இரண்டாம் நாள் செங்கம், பரமனந்தல் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர். மூன்றாம் நாள் அங்கிருந்து போளூருக்கு இறக்கம். நான்காம் நாள் போளூரிலிருந்து ஊர் திரும்பி, ஒரு சுற்று கிரிவலப் பாதை. தினமும் ஆன நேரத்தை ஒரு நோட்டில் எழுதிக் கூட்டி, குறைந்த நேரம் யாருக்கோ அவர் முதல். பிரான்சில் 1903-ல் ஆரம்பித்த பெரிய பந்தயமும் இந்தக் கணக்குத்தானாம். இவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கியர் வைத்த சைக்கிள் கூடாது. ஏனென்றால் எட்டில் ஐந்து பேருக்கு அது வாங்க வசதியில்லை.

எங்கள் பெண்ணிடம் இருந்தது அண்ணன்காரன் விட்டுப்போன ரேஞ்சர் சைக்கிள். பருமனான டயர், நேரான ஹேண்டில்பார், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல், அவ்வளவுதான். "இதுல எப்படிடீ மலை ஏறுவே?" என்றாள் தங்கை. "பிரான்சுல 1937 வரைக்கும் பந்தயத்துல கியர் மாத்துற கருவியை விடவே இல்லம்மா. மலை வந்தா இறங்கி, பின் சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டிக்கிட்டு ஏறினாங்க" என்றாள் பெண். பதில் சொல்லத் தங்கைக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கார்த்திகை தீபம் வரை கடைக்காரர் பாய்க்கு மூச்சு விட நேரமில்லை. தீபக் கூட்டம் கலைந்த மறுவாரம்தான் வண்டியை எடுத்தார். "முழு ஓவராயிலிங் பண்ணிடலாம்மா" என்று சாக்கை விரித்து உட்கார்ந்தார். நம் அடுப்பங்கரையில் சாமான் பரப்புகிற மாதிரி வரிசையாக வைத்தார்: முன் சக்கரத்து பால்ஸ் ஒரு பக்கத்துக்குப் பத்து, பின் சக்கரத்துப் பெரிய பால்ஸ் ஒரு பக்கத்துக்கு ஒன்பது. மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தச் சக்கரத்துக்கு எல்லாமே புதுசு. கோன் பள்ளம் விழுந்திருந்ததால் அதுவும் போயிற்று. செயினை ஸ்கேலில் வைத்து அளந்தார். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்குமாம். இது அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தது. "இந்தச் செயினோட விட்டா மலையில பல்லு தாண்டும், பாப்பா கீழே விழும்" என்றார்.

பிறகுதான் பெரிய விவாதம். முன்சக்கரத்தில் 44 பல், ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி ஐந்து மீட்டர் போகும். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் நாலு மீட்டருக்குச் சற்று மேல்தான் போகும். ஆனால் ஏற்றத்தில் கால் பாரம் குறையும். பெரிய குடத்தில் நாலு நடையா, சின்னக் குடத்தில் ஐந்து நடையா என்கிற அதே கணக்கு. கியர் இருந்தால் இடத்துக்கு ஏற்ற குடத்தை எடுத்துக்கொள்ளலாம். இவளுக்கு நான்கு நாளுக்கும் ஒரே குடம். அதை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

"22 போட்டா சமதரையில எல்லாரும் என்னைத் தாண்டிப் போயிடுவாங்க பாய்" என்றாள் பெண். கணக்குப் போட்டுக் காட்டினாள். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் 18-ல் மணிக்கு 18 கிலோமீட்டர், 22-ல் 15 கூட வராது. ஈடு கொடுக்க வேண்டுமானால் 73 சுற்று மிதிக்க வேண்டும். பாய் வாதாடவில்லை. "ஒரு ஞாயித்துக்கிழமை போளூர்ல இருந்து மலை ஏறிப் பாரு பாப்பா" என்றார். போனாள். 18-ல் நாலு இடத்தில் இறங்கித் தள்ளினாள். அடுத்த ஞாயிறு 22 போட்டு, செயினில் ஒரு கண்ணி சேர்த்துக்கொண்டு போனாள். ஒரே இடத்தில்தான் இறங்கினாள். கால்மணி நேரம் லாபம்! சமதரையில் கால் வேகமாகச் சுற்றப் பழகிக்கொள்கிறேன் என்று தினமும் விடியற்காலை கிரிவலப் பாதையில் ஒரு சுற்று வர ஆரம்பித்தாள். பௌர்ணமி அன்று மட்டும் ஓய்வு. அந்தக் கூட்டத்தில் நடப்பதே பாடு.

உடம்பைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஐப்பசியில் கல்லூரி முகாமில் ரத்தம் பார்த்தபோது அவளுக்கு ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்றே அர்த்தம். மலை ஏறும்போது தசைக்குப் பிராணவாயு கொண்டுபோவது அதுதானே! டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும் என்றும் சொன்னார். அந்த வீட்டில் காலை டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தது என் வேலை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 11.9. நம்மில் எத்தனை பேர் 'களைப்பு, களைப்பு' என்று சொல்லிக்கொண்டு இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் இருக்கிறோம்!

சீட் உயரத்தையும் பாய் சரி செய்தார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். தாழ்வாக இருந்தால் மூன்றாம் நாளே முட்டி வலிக்குமாம். மெத்தென்ற சீட் உறை வேண்டாம், அது உராய்ந்து புண்ணாக்கும் என்றதும் அவரே. மாதத் தேதி நடுவில் வராதா என்று நாங்கள் பெண்கள் மட்டும் கணக்குப் பார்த்தோம்; வந்தாலும் ஓட்டுவேன், துணி மாற்ற இடம் மட்டும் வேண்டும் என்று மூன்று பெண்களும் சொல்லிவிட்டார்கள். வழிக்குப் பொரிவிளங்காய் உருண்டையும் வேர்க்கடலை மிட்டாயும் செய்து கொடுத்தேன். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாம் கலக்குகிற அதே தண்ணீர்தான்.

இதையெல்லாம் தங்கை ஒதுங்கி நின்று பார்த்தாளே தவிர, சரி என்று சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அவளே கடைக்கு வந்து நின்றாள். "பாய், இறங்கும்போது பிரேக் நிக்குமா?" என்றாள். பாய் கொஞ்சம் யோசித்தார். "உள்ளதைச் சொல்றேம்மா. இது இரும்பு ரிம். காஞ்சிருந்தா நிக்கும். ஈரம் பட்டா கட்டை வழுக்கும்." தையில் ஜவ்வாது மலையில் பனி கொட்டும், காலையில் ரோடே நனைந்து கிடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அலுமினிய ரிம் போட்டால் ஈரத்திலும் பிடிக்கும், ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் 36 கம்பியையும் அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டும், செலவு ஆகும் என்றார்.

பெண் அந்தப் பணத்துக்கு எடை குறைந்த டயரும் ஹேண்டிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை சீட்டுப் பணம் நாலாயிரத்தை முந்தானையிலிருந்து எடுத்துப் பலகை மேல் வைத்தாள். "ஏர்றதுக்கு வேணுங்கிறதை அவ பார்த்துக்கட்டும் பாய். இறங்கறதுக்கு நான் கொடுக்கறேன்" என்றாள். பெண் அதற்குமேல் டயர் பேச்சை எடுக்கவில்லை. அதுவே தாயார் கொடுத்த சம்மதம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு நாள் பாய் கம்பி கோத்து, பெண்டு எடுத்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கோ படித்த ஒரு சங்கதியைச் சொன்னேன். இத்தாலி தேசத்தைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் 1924-ல் அல்ஃபொன்சீனா ஸ்த்ராதா என்ற பெண்மணி ஆண்களோடு ஓட்டினாள். வழியில் ஹேண்டில்பார் முறிந்தபோது துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். நேரம் கடந்துவிட்டது என்று கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கடைசி ஊர் வரை ஓட்டி முடித்தாள். கிளம்பிய 90 பேரில் முடித்தவர்கள் 30 ஆண்கள்தான்! பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "துடைப்பக் கட்டை எப்படிம்மா தாங்கும்? சாட்டை வச்சுக் கட்டியிருப்பா" என்றார். மறுநாள் பெண்ணின் பையில் பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு டியூப், செயின் கண்ணி இரண்டு, இவற்றோடு ஒரு முழம் சாட்டைக் கயிறும் இருந்தது.

தை மூன்றாம் வாரம் கிளம்பினார்கள். இரண்டாம் நாள் ராத்திரி ஜமுனாமரத்தூரிலிருந்து போன். சாமைச் சோறு சாப்பிட்டோம், ஓரிடத்தில் இறங்கினேன், குளிர் தாங்கவில்லை என்றாள். தங்கை கேட்டது ஒன்றுதான்: "பனி இருக்கா?" "இருக்கும்மா." மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் போளூர் வந்து சேர்ந்தேன் என்று போன் வரும் வரை தங்கை அடுப்பு மூட்டவில்லை, மாமியாருக்குக் கஞ்சி நான்தான் வைத்தேன்.

எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தாள். பெண்களில் இரண்டாவது. சமதரையில் எல்லோரும் தாண்டிப் போனார்கள் என்பதும் நிஜம்தான். பாய் வண்டியைத் திருப்பி நிறுத்தி, முதலில் பிரேக் கட்டையைத் தடவிப் பார்த்தார். பாதி தேய்ந்திருந்தது. "அம்மா காசு இதுல போயிருக்கு" என்று தங்கையிடம் காட்டினார். தங்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இப்போது அந்த சைக்கிளில் மறுபடியும் 18 பல் ஃப்ரீவீல்தான் ஓடுகிறது. கல்லூரிக்குப் போக அதுதான் சௌகரியமாம். 22-ஐ எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி, பெண் சமையலறைப் பரணில் வைத்திருக்கிறாள்.