மலை ரயிலும் மனனப் பாடமும்



சென்ற விடுமுறையில், வளைகுடாவில் பணிபுரியும் மைத்துனர் நம் மகனுக்கு ஒரு மாதிரி ரயில் கொண்டுவந்து கொடுத்தார். உண்மையான ரயிலை 87 மடங்கு சுருக்கிய வகை அது. ஊட்டி மலை ரயிலில் சென்றுவந்த நாள் முதலே, மலையேறும் ரயில் ஒன்றை வீட்டில் அமைக்க வேண்டுமென்பது அவனது ஆசை. 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை வாங்கி, தடத்தின் வரைபடத்தை இருவருமாக வரைந்தோம்.

அப்போது அவன் ஹிஃப்ழு வகுப்பை விட்டிருந்தான். நாள்தோறும் ஒரு பக்கம் மனனம் செய்து ஒப்புவிக்க வேண்டுமென நாமே விதித்திருந்தோம். ஃபஜ்ருக்குப் பின் வயிற்றுவலி என்பான். ஒரு நாள் குர்ஆனை மூடிவைத்து, “முடியலை அத்தா” என்றான். அதன்பின் வீட்டில் அதுபற்றிப் பேச்சே இல்லை.

முதல் வரைபடத்தில் ஒரு மீட்டர் நீளத்திற்குப் 10 சென்டிமீட்டர் ஏற்றம் வைத்தோம். பெட்டிகளை இழுக்க இயலாமல் எஞ்சினின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. நீலகிரி ரயில் 12-க்கு 1 என்னும் ஏற்றத்தில் ஏறவில்லையா என்று கேட்டோம்.

“அங்கே கல்லாறுலேர்ந்து குன்னூர் வரைக்கும் நடுவிலே பல் தண்டவாளம் இருக்கு அத்தா. எஞ்சினோட பல்சக்கரம் அதைப் பிடிச்சு ஏறும். இதுக்கு அது இல்லையே.”

மீண்டும் வரைந்தோம். 100-க்கு 3 என்னும் ஏற்றமே போதுமென முடிவாயிற்று. கீழ்த்தடத்தை மேல்தடம் கடக்க ஏழரை சென்டிமீட்டர் உயரம் தேவை. அதற்கு இரண்டரை மீட்டர் ஏற வேண்டும், இறங்கவும் அவ்வளவே. ஆகவே தடம் பலகையை இருமுறை சுற்றியது. சமதளத்திலிருந்து ஏற்றம் திடீரெனத் தொடங்கினால் பெட்டிகளின் கொக்கி கழன்றுவிடும் என்பதால், தொடக்கத்தை மெல்ல மெல்ல உயர்த்தினோம். குகையின் பின்புறம் கை நுழையுமளவு ஒரு திறப்பையும் வரைந்தான். எதற்கென்று கேட்டோம்.

“உள்ளே வண்டி கவிழ்ந்தா எடுக்கணுமே அத்தா.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அருள்மறை 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக இறங்கியது என்று மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். சொந்த மகனுக்கு நாம் போட்ட தடத்திலோ ஏற்றம் கடிதாக இருந்தது. கவிழ்ந்தால் எட்டி எடுக்க ஒரு வழியும் விடவில்லை.

மறுநாள், “உன்னால் எத்தனை வரி இயலும்?” என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, “மூணு” என்றான். அன்று முதல் மூன்று வரியே பாடம். வெள்ளிக்கிழமையில் புதுப் பாடம் இல்லை. பழையதை மட்டும் ஓதுகிறான். அவன் ஹாஃபிழாக எத்தனை ஆண்டுகள் செல்லும் என்று நாம் கணக்கிடவில்லை. ஃபஜ்ருக்குப் பின் வயிற்றுவலி வருவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகள் சுமக்க இயலாததை அவர்கள்மீது சுமத்தாத பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.